மூன்று மணி நேர நைல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மழையில் கலைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றுவரை தடுமாற்றம் உண்டு. நம் தொழிலாளர் கேம்ப்பின் கையெழுத்துப் பத்திரிகையைக் கவனித்துக்கொள்ளும் அருளப்பன், "நீரு எழுதும் வே, தப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்று தைரியம் சொன்னார். அவருக்கு ஊர் குளச்சல் பக்கம். திருத்துவதில் கைதேர்ந்தவர். ஆகவே பிழை இருந்தால் அது என்னுடையது, நன்றாக இருந்தால் அது அவருடையது.

நேற்று மாலை பதினான்காம் நம்பர் ரூமில் நான் கிண்டிய பச்சை நிற உப்புமாவைத் தின்றவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். "என்ன ரவைண்ணே இது, புகை வாசம் அடிக்குது?" என்று எல்லாரும் கேட்டார்கள். கூட்டத்தில் வாய் திறந்து பேச எனக்குக் கூச்சம். "நல்லா இருக்கில்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. அதற்கு நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

ஜெபல் அலியில் நான் வேலை பார்ப்பது காய்கறிக் கிடங்கில் என்பது உங்களுக்குத் தெரியும். எகிப்திலிருந்து வெங்காயமும் ஆரஞ்சும் கன்டெய்னரில் வரும். இறக்குவது நாங்கள். சரக்கைச் சரிபார்ப்பவர் ஃபத்ஹி என்ற எகிப்துக்காரர். என் வயதுதான், நாற்பத்தேழு. பன்னிரண்டு வருடமாக நம் ஆட்களோடு பழகி, இந்தியும் அரபியும் நாலு தமிழ் வார்த்தையும் கலந்து பேசுவார். ஒவ்வொரு வெங்காய மூட்டை இறங்கும்போதும், "யா கோவிந்த், மெதுவா! இது நைல் பெத்த பிள்ளை" என்பார். நான் காவிரியின் கடைமடைக்காரன், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. ஆறு என்ற ஒரு சொல்லில் எங்களுக்குள் சிநேகிதம் வந்தது.

அவருடைய அண்ணன் ஹசன் அல் ஐனில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். பதினைந்து வருடமாக அதே இடம். போன அக்டோபரில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. தோட்டத்தின் மதிலுக்கு வெளியே காலி நிலம் கிடந்தது. அதில் கோதுமை போட ஹசன் ஆசைப்பட்டார். அர்பாப், அதாவது முதலாளி, ஒட்டகப் புல் போடலாம் என்று நினைத்தார். புல்லுக்கு ஸ்பிரிங்க்ளர் வைத்தால் போதும். பேரீச்சைக்கும் குழாய் போட்டுவிட்டால் தண்ணீர் பாய்ச்ச ஆளே வேண்டாம். ஹசனின் விசா இந்த ஏப்ரலில் முடிகிறது. அர்பாப் கடைசியில், "ஒரு வெள்ளிக்கிழமை என் முறைத் தண்ணீரை உனக்குத் தருகிறேன். மூன்று மணி நேரம். அந்த நிலம் நனைந்தால் கோதுமை. நனையாவிட்டால் புல், நீயும் ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

"கோவிந்த், நீயும் ஆத்துக்காரன். ஒரு நாள் வா" என்றார் ஃபத்ஹி. தெரியாத இடத்துக்குப் போவது என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பவன் நான். ஆனால் மண்வெட்டி பிடித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2006 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. அதிகாலை நாலரைக்குக் கேம்ப் வாசலில் ஃபத்ஹி ஒரு பழைய காருடன் நின்றார். அவருடைய ரூம்காரரின் கார். அந்த ரூம்காரரே ஓட்டிவந்து எங்களை பர் துபாய் குபைபா பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். அங்கே டீ ஐம்பது காசு, அதாவது அரைத் திர்ஹம். ஆளுக்கு இரண்டு பரோட்டா. அல் ஐன் மினி பஸ் டிக்கெட் இருபது திர்ஹம். பதினான்கு பேர் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள். பதின்மூன்று பேர் சேர்ந்து அரை மணி ஆயிற்று. டிரைவர் பட்டாணிக்காரர், பாகிஸ்தான் பட்டான். பொறுமையிழந்த ஃபத்ஹி, "பாய், பதினாலாவது டிக்கெட்டை நான் வாங்குறேன், எடு! எங்களுக்கு எட்டு மணிக்குத் தண்ணி" என்றார். டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டே, "தண்ணி என்ன ஃபிளைட்டா, விட்டுட்டுப் போறதுக்கு?" என்று சிரித்தார். அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மணல். போகப்போக மணலின் நிறம் வெள்ளையிலிருந்து செம்மண் மாதிரி மாறுகிறது. சாலையோர மரங்கள் ஒவ்வொன்றின் காலிலும் கறுப்புக் குழாய் ஓடுகிறது.

வழி முழுக்க ஃபத்ஹி நைல் கதை சொன்னார். அவர் கலந்து பேசியதை நான் தமிழில் தருகிறேன். எகிப்தில் மழை என்பது பேருக்குத்தான். எங்கோ தெற்கே, வேறு தேசங்களில் பெய்கிற மழை, கோடைக்காலத்தில் நைலில் வெள்ளமாக வந்து சேரும். பழைய காலத்து ஜனங்கள் அந்த வெள்ளத்தைக் கண்டு பயந்து ஓடவில்லை. கரையோரம் குளம் மாதிரி பெரிய பெரிய பாத்திகள் கட்டி, வெள்ளத்தை உள்ளே விட்டு, நாற்பது நாள் போல நிறுத்திவைத்தார்கள். பிறகு ஆற்றுக்கே வடித்துவிட்டார்கள். அடியில் கறுப்பு வண்டல் படிந்திருக்கும். அந்த ஈரச் சேற்றில் விதையை வீசி, ஆட்டு மந்தையை மேலே நடக்கவிட்டு மிதிக்கவைத்தால் விதைப்பு முடிந்தது.

"உரம்?" என்று கேட்டேன்.

"உரம் ஆறே கொண்டுவருது. ஊர்ல எத்தனை கோதுமை வரும்னு ராஜா அறுவடைக்கு முன்னாடியே சொல்லிடுவான். கல்லுல அளவு வெட்டி வச்சிருக்கான். தண்ணி எந்தக் கோடு வரை ஏறிச்சுன்னு பாத்து வரி போடுவான்."

"தண்ணி ஏறலன்னா?"

"பஞ்சம். ரொம்ப ஏறினா வீடு போச்சு. நடுக்கோட்டுல நின்னா எல்லாருக்கும் ரொட்டி."

இன்னொன்று சொன்னார். அதை நான் நம்பவே இல்லை. நைல் தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிறதாம். காற்று வடக்கேயிருந்து தெற்கே அடிக்கிறதாம். வடக்கே போக வேண்டுமா, படகை ஆற்றில் விட்டால் போதும். தெற்கே திரும்ப வேண்டுமா, பாயை விரித்தால் போதும். அதனால்தான் தானியமும் கல்லும் அந்த தேசம் முழுக்கப் போயிற்று, மிஞ்சிய தானியத்தைக் கடல்தாண்டிக் கொடுத்து மரம் வாங்கினார்கள் என்றார். எங்கள் ஊர் ஆற்றில் எருமையை எதிர்நீச்சலில் திருப்பிக் கொண்டுவருவதற்குள் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. போகவும் வரவும் இலவச வண்டி கொடுத்த ஆறு ஒன்று உண்டா என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

"இப்பவும் அப்படித்தானே," என்றார் ஃபத்ஹி. "நீ முதுகுல சுமக்கிற வெங்காயம் எந்தத் தண்ணில வந்தது?"

ஏழேகாலுக்கு அல் ஐன். தூரத்தில் ஜபல் ஹஃபீத் மலை சாம்பல் நிறத்தில் நின்றது. டாக்சிக்கு ஆறு திர்ஹம். தோட்டத்துக்குள் நுழைந்ததும் குளிர்ந்த காற்று. பேரீச்சை மரங்களின் அடியில் சிமெண்டுக் கால்வாயில் தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடிற்று. இதற்கு ஃபலஜ் என்று பெயர். மலையடியில் ஊற்றைத் தேடி, நிலத்துக்கு அடியிலேயே கால்வாய் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். ஊர்த் தோட்டங்களுக்கெல்லாம் இந்தத் தண்ணீர் முறைவைத்துப் போகிறது. முறைக்கு அளவு வாளி அல்ல, நேரம். முன்பெல்லாம் நிழலைப் பார்த்து நேரம் சொல்வார்களாம். இப்போது கைக்கடிகாரம். அந்த முறையைப் பார்ப்பவர் ஸாலிம் என்ற ஒமானியப் பெரியவர். கழுத்தில் துண்டு, இடது கையில் கடிகாரம், முகத்தில் சிரிப்பு.

ஹசனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய மீசை. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உள்ளங்கையைத் திருப்பிக் காய்ப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பேச்சு அவ்வளவுதான்.

மதிலுக்கு வெளியே அவர் பத்து நாள் உழைத்து வைத்திருந்த நிலத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் கணக்கில் ஒரு மா, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நான்கே பாத்தி, முழங்கால் உயர வரப்பு, நூல் பிடித்த மாதிரி நேர்த்தி. நைலுக்குக் குறுக்கே பெரிய அணை கட்டுவதற்கு முன் வந்த வெள்ளத்தைச் சிறு வயதில் கண்ணால் கண்டவர் ஹசன். தாத்தா கட்டிய மாதிரியே கட்டியிருந்தார். நானும் என் பங்குக்கு மண்வெட்டியால் வரப்பைத் தட்டி மெழுகி அழகு பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சரியாக எட்டு மணிக்கு ஸாலிம் கால்வாயின் வாயை அடைத்திருந்த, கந்தல் சுற்றிய கல்லை எடுத்தார். "பிஸ்மில்லா. பதினொன்று வரை உங்களுடையது."

தண்ணீர் வந்தது. முதல் பாத்திக்குள் பாய்ந்தது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பாத்தியின் வாயருகே ஒரு பாய் அகலத்துக்குத்தான் தண்ணீர் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஈரமே இல்லை. தண்ணீர் எங்கே போகிறது?

எனக்கு உடனே தோன்றியது நண்டு வளை. எங்கள் ஊரில் வரப்பில் தண்ணீர் கசிந்தால் நண்டுதான் காரணம். முட்டிபோட்டு வரப்பு முழுக்கத் தடவினேன். ஹசன் எதிர்ப்பக்கம் முட்டிபோட்டுத் தடவிக்கொண்டு வந்தார். அவர் தேடியது எலி வளை. மூலையில் இருவர் தலையும் முட்டிக்கொண்டன.

ஸாலிம் கால்வாய்த் திண்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன தேடுகிறீர்கள்?"

ஃபத்ஹி, "ஓட்டை!" என்றார்.

"இங்கே ஓட்டை இல்லை. இந்த நிலம் முழுக்கவே ஓட்டைதான். இது மணல், ஐயா!"

ஹசன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தார். விரலிடுக்கில் வழிந்துவிட்டது. தோட்டத்துக்குள் இருப்பது நூறு நூறு வருடமாக இலை விழுந்து மட்கிய மண். மதிலுக்கு வெளியே வெறும் மணல். எனக்கு அப்போதுதான் பஸ்ஸில் கேட்டது உறைத்தது. நைல் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை, தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற சேற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தது. வயலையே ஆறுதான் செய்து கொடுத்தது. எங்கள் காவிரியும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஆறு செய்த வயலில் பிறந்துவிட்டு, அது நம் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே வந்திருப்பது பளிங்கு மாதிரித் தண்ணீர். அதில் ஒரு தூசிகூட இல்லை.

மணி எட்டு நாற்பது. அண்ணனும் தம்பியும் அரபியில் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் வரப்பை உயர்த்த வேண்டும் என்கிறார், மற்றவர் மோட்டார் எடுக்க வேண்டும் என்கிறார். தண்ணீர் பாட்டுக்கு மணலுக்குள் இறங்குகிறது.

எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. கடைமடைக்காரனுக்குத் தெரியாதா? எங்களுக்குத் தண்ணீர் வருவதே கடைசியில், அதுவும் கொஞ்சம். கொஞ்சத் தண்ணீருக்குப் பெரிய பாத்தி ஆகாது. வீட்டுக் கூடம் அளவுக்குச் சின்னப் பாத்தி வேண்டும். வாய்க்கால் குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பாத்தியை முதலில் நனைத்துவிட்டுத் தலைமடையை நோக்கி வர வேண்டும், இல்லாவிட்டால் தலைமடைக்காரனே எல்லாவற்றையும் குடித்துவிடுவான். இதைச் சொல்ல வேண்டும். "ஹசன் பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர்கள் சண்டையில் அது கொசுச் சத்தம்.

பத்து நாள் உழைப்பில் கைவைக்க நமக்கு என்ன உரிமை என்று ஒரு நிமிடம் நின்றேன். அதற்குள் இன்னொரு குடம் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கும். மண்வெட்டியை ஓங்கி, ஹசனின் நடு வரப்பை வெட்டிவிட்டேன்.

"யா மஜ்னூன்!" என்று கத்திக்கொண்டு ஹசன் ஓடிவந்தார். பைத்தியக்காரன் என்று அர்த்தம். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பயந்துவிடுவேன் என்று தெரியும். வெட்டிய மண்ணை வைத்தே நிலத்தின் கடைசி மூலையில் ஒரு சின்னப் பாத்தி கட்டினேன். வைக்கோலை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை இழுத்துவந்து வாய்க்காலில் விரித்தேன். பற்றாத இடத்துக்கு உரச் சாக்கு. முதல் பாத்தியின் வாயை அடைத்துத் தண்ணீரைத் தார்ப்பாயில் திருப்பினேன். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் பாம்பு மாதிரி நிலத்தின் கடைசி வரைக்கும் ஓடிற்று. கடைசிப் பாத்தி நான்கே நிமிடத்தில் நிரம்பிற்று.

ஹசன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல்சட்டையைக் கழற்றி மரத்தில் போட்டுவிட்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். தாத்தாவின் வரப்பை அவரே வெட்ட ஆரம்பித்தார். ஃபத்ஹி, "யல்லா! யல்லா!" என்று சாக்கு விரிக்க ஓடினார்.

பாதி நிலத்தில் இருபது பாத்தி போட்டோம். இருந்த நேரத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினேழு நனைந்திருந்தன. "ஸாலிம் பாய், பத்து நிமிஷம் குடுங்க" என்று ஃபத்ஹி கெஞ்சினார்.

"என் தண்ணீரென்றால் தருவேன். அடுத்த தோட்டக்காரரின் தண்ணீர் அது." பதினொன்று அடித்ததும் கல்லை வைத்துவிட்டார். வைத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "ஆனால் கால்வாயில் ஏற்கனவே இறங்கிவிட்டது உங்களுடையது. அது வழக்கம்."

இருநூறு அடி கால்வாயில் கிடந்த அந்த வால் தண்ணீர் மெல்ல வந்து இன்னும் இரண்டு பாத்தியை நனைத்தது. இருபதில் பத்தொன்பது. ஒன்று காய்ந்தே நின்றது.

ஜும்மா தொழுகைக்கு அவர்கள் போய்வந்தார்கள். பிறகு சாப்பாடு. வேகவைத்து மசித்த மொச்சை, ரொட்டி, கடிக்கப் பச்சை வெங்காயம். வெங்காயச் சாக்கில் எங்கள் கிடங்கின் சீட்டு ஒட்டியிருந்தது. நான் இறக்கிய மூட்டையாகக்கூட இருக்கலாம்.

ஒன்றரைக்கு அர்பாப் வந்தார். நான் ஒரு பேரீச்சை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக மிதித்துப் பார்த்தார். கைத்தடியைக் குத்திப் பார்த்தார். கடைசியில் காய்ந்த பாத்தியில் வந்து நின்றார்.

"இது ஏன் இப்படி?"

ஹசன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். ஃபத்ஹி சொன்னார்: "அது அர்பாப் உட்கார்ந்து கோதுமையைப் பார்க்க விட்ட இடம்."

அர்பாப் முதலில் முறைத்தார். பிறகு தாடி குலுங்கச் சிரித்தார். "இந்தப் பாதி கோதுமை. அந்தப் பாதி புல். புல்லுக்கு மெஷின் போதும். கோதுமைக்கு ஹசன் வேண்டும். கலாஸ்." கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது.

ஹசன் நேரே என் மரத்துக்கு வந்து, சேற்றுக் கையோடு என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். நாற்பத்தேழு வயதில் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சேறு காய்ந்து ஜெபல் அலி வரை தலையிலேயே வந்தது.

மூன்றரைக்குத் திரும்பும் மினி பஸ். அதே பட்டாணி டிரைவர். "தண்ணிய புடிச்சீங்களா?" என்று கேட்டார். ஃபத்ஹி என் தலையைச் சுட்டிக்காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை சின்னதாகிக்கொண்டே போயிற்று.

நேற்று ஃபத்ஹி டியூட்டிக்கு வரும்போது ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். கோதுமைக் கதிர் பால் முற்றிப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, தீயில் வாட்டி, உதிர்த்து உடைத்தது. அவர்கள் ஊரில் அதற்கு ஃபரீக் என்று பெயர். புகை வாசத்துக்குக் காரணம் அதுதான். ஹசன் முதல் கைப்பிடியைக் காய்ந்த பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அர்பாப்புக்குக் கொடுத்தாராம். அர்பாப் தின்றுவிட்டு ஹசனின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் போனாராம். விசா புதுப்பிக்க.

எங்கள் ஊரில் அணையில் கதவைத் திறந்தார்கள் என்ற செய்தி வந்து இருபது நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் நுரை தெரியும். தலைமடை ஊர்கள் நட்டு முடித்த பிறகு நாங்கள் நாற்று விடுவோம். கடைசியில் இருப்பது ஒரு குறை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஐயாயிரம் வருடம் ஒரு தேசத்துக்கே சோறு போட்ட நைலின் பாடம் அந்த மணலில் தோற்றபோது, எங்கள் கடைமடைப் பாடம்தான் கைகொடுத்தது. இதை ஊருக்குப் போன் செய்தபோது என் மனைவியிடம் சொன்னேன். "இவ்வளவு பேசுறீங்களே, நெசமாவே நீங்கதானா?" என்று கேட்டாள்.

உப்புமா தின்றவர்களே, அது நான் முதலில் கட்டிய அந்தக் கடைசி மூலைப் பாத்தியில் விளைந்தது. அதைத் தனியாக அறுத்து என் பேருக்கு என்று ஹசன் கொடுத்தனுப்பியிருந்தார்.

கோவிந்தராசு
ரூம் நம்பர் 14, ஜெபல் அலி
எழுதி முடித்தது 2007 மார்ச் 9, வெள்ளிக்கிழமை